வரியில்லாத கொட்டையும் பண்ருட்டி முந்திரியும்

2018 பட்ஜெட்டில் பச்சை (உடைத்துப் பதப்படுத்தாத) முந்திரிக்கொட்டைக்கான இறக்குமதி வரி 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆனது. தான்சானியா, பெனின் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2008-இல் இந்தியா அறிவித்த இறக்குமதி வரிச் சலுகையில் முந்திரியும் சேர்த்தி; ஐவரி கோஸ்ட், கானா அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இறக்குமதியால் பண்ருட்டிக்குப் பெரிய லாபம் வரியைவிடப் பருவத்தில்தான். நம் கொட்டை பங்குனி, சித்திரையில் வந்து ஓய்ந்துவிடும். தான்சானியா அறுவடை ஐப்பசியில் சூடுபிடிக்கும். உடைப்புத் தொழிலாளிக்கு வேலை அறுபடாது.

ஆனால் தரம் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு கிலோ மாதிரியை வெட்டி, நல்ல பருப்பின் கிராமோடு புள்ளி விழுந்த பருப்பின் கிராமில் பாதியைக் கூட்டி 0.17637-ஆல் பெருக்குங்கள்; 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று வரும். 260 கிராம் நல்லது, 20 கிராம் புள்ளி என்றால் 47.6. வாங்கும்போது பேசியது 48 பவுண்டாக இருக்க 47 வந்தால் 2 சதவீதம் போச்சு. வரியில் மிச்சமானது கிட்டத்தட்ட அங்கேயே கரைந்துவிடும். ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டினால் கன்டெய்னருக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

வரிச் சலுகை கேட்பவர் பூர்வீகச் சான்றிதழோடு (சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் சான்று) நிறுத்தக் கூடாது. 2020 செப்டம்பர் முதல், சரக்கு அங்கே விளைந்ததுதான் என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நம் விவசாயிக்குத்தான் கவலை: அறுவடை நேரத்திலேயே மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கும் இறங்குவதால் விலை பேசும் பலம் அவருக்குக் குறைகிறது.