அக்சஸை எஸ்க்யூஎல் சர்வரோடு கோத்துவிட்டால் போதுமா?

மைக்ரோசாஃப்டின் சிறு டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸில், கோப்பு 2 ஜிபி எல்லையை நெருங்குகிறது, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திறந்தால் திணறுகிறது, சரி டேபிள்களை எல்லாம் எஸ்க்யூஎல் சர்வருக்கு (அதே நிறுவனத்தின் பெரிய டேட்டாபேஸ் சர்வர்) கொண்டுபோய்விட்டு ஃபார்ம்களையும் ரிப்போர்ட்களையும் அக்சஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. நல்ல முடிவுதான். ஆனால் லிங்க் செய்த அன்றே வேகம் கூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், முன்பைவிட மெதுவாக ஓடினாலும் ஆச்சரியமில்லை.

இணைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அக்சஸும் சர்வரும் பேசிக்கொள்ள உதவும் ஓடிபிசி டிரைவரைப் போட்டு, எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்ற இணைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் ஒரு டிஎஸ்என் உருவாக்க வேண்டும். ஆஃபிஸ் 32 பிட் என்றால் சிஸ்டம் டிஎஸ்என்னையும் 32 பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரில்தான் உருவாக்க வேண்டும். கூத்து என்னவென்றால், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது அந்த அட்மினிஸ்ட்ரேட்டரின் 64 பிட் நிரல்! ஓடிபிசி டிரைவரின் 18ஆம் பதிப்பில் என்கிரிப்ஷன் (தரவை மறையாக்கி அனுப்புவது) இயல்பாகவே கட்டாயம் என்பதால், சர்வரின் சான்றிதழை உங்கள் கணினி நம்பாவிட்டால் இணைப்பே கிடைக்காது.

அப்புறம் எல்லோரையும் குழப்பும் ஒரு பிழைச்செய்தி வரும்: இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார் என்று. அந்த நேரத்தில் வேலை பார்ப்பது நீங்கள் ஒருவர் மட்டும்தான். சர்வர் டேபிளில் பிட் வகை ஃபீல்டு (0 அல்லது 1 வைக்கும் ஃபீல்டு) ஏதாவது மதிப்பே இல்லாமல் காலியாகக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அக்சஸின் ஆம்/இல்லை ஃபீல்டுக்கு இரண்டு நிலைதான் தெரியும், காலியை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும், சேமிக்கும்போது பழைய மதிப்போடு ஒப்பிட்டால் பொருந்தாது. அந்த ஃபீல்டில் காலியாகக் கிடப்பவற்றை எல்லாம் 0 ஆக்கி, டீஃபால்ட்டும் 0 என்று வையுங்கள். டேபிளில் ஒரு ரோவெர்ஷன் ஃபீல்டையும் (பதிவு மாறும்போதெல்லாம் சர்வர் தானே மாற்றும் எண்) சேர்த்து மறுபடி லிங்க் செய்தால், அக்சஸ் அதைப் பார்த்தே மாற்றம் நடந்ததா என்று தெரிந்துகொள்ளும். பிரைமரி கீ போல ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லாத டேபிளில் திருத்தவே முடியாது என்பது தனிக்கதை.

வேகத்துக்கு வருவோம். கேள்வி ஒன்றுதான்: வடிகட்டும் வேலையை யார் செய்கிறார்கள்? குவெரியின் (தரவைக் கேட்டு வாங்கும் கட்டளையின்) நிபந்தனையில் நீங்களே அக்சஸின் நிரல்மொழியான விபிஏவில் எழுதிய ஃபங்ஷன் ஒன்றைப் போட்டால் சர்வருக்கு அது புரியாது, அதனால் அக்சஸ் லட்சக்கணக்கான வரிசைகளை நெட்வொர்க் வழியாக இழுத்துவந்து தன் பக்கத்தில் வைத்து வடிகட்டும். உள்ளூர் டேபிளையும் சர்வர் டேபிளையும் ஜாயின் செய்தாலும் பல நேரம் இதே நிலைதான். கனமான ரிப்போர்ட்டுகளுக்குப் பாஸ்-த்ரூ குவெரி எழுதுங்கள், அது அப்படியே சர்வரில் ஓடி விடையை மட்டும் அனுப்பும். திருத்த முடியாது, ரிப்போர்ட்டுக்கு அது தேவையும் இல்லை. ஒரே தொந்தரவு, தேதியை # குறிக்குள் போடும் அக்சஸ் பழக்கம் அங்கே செல்லாது, ஒற்றை மேற்கோள் வேண்டும், தேடலில் 'எது வேண்டுமானாலும் வரலாம்' என்று குறிக்கும் நட்சத்திரக்குறிக்குப் பதில் % போட வேண்டும்.

ஃபார்ம்களையும் முழு டேபிளின் மேல் திறக்காதீர்கள். முதலில் ஒரு தேடல் பெட்டி, பிறகு தேவையான பதிவு மட்டும். இதை மாற்றினாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.