செந்நட்சத்திரத்திலிருந்து ஸ்பாஸ்கயா கோபுரம் வரை

நாணயங்களையும் பதக்கங்களையும் ஆவணப்படுத்துவது என் தொழில். நான் பணிபுரியும் அருங்காட்சியகத்துக்குச் சோவியத் விருதுகளின் தொகுப்பு ஒன்று நன்கொடையாக வந்தபோது, அதற்கு விவரப்பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளின் எடை, விட்டம், உலோகம், வரிசை எண், பின்புறத் திருகின் நிலை, எனாமலின் சேதம் ஆகியவற்றைக் குறித்த பிறகு, இறுதியில் உருவ விவரிப்பு என்ற பத்தியை நிரப்ப வேண்டும். நட்சத்திரம், அரிவாள் சுத்தியல், வாகை மாலை என்று மூன்று சொற்களை எழுதினாலே அலுவலக விதிப்படி வேலை முடிந்துவிடும். அந்த நட்சத்திரம் எந்த ஆண்டில் யாரிடம் என்ன கேட்டது என்று சொல்லாத விவரிப்பு, பொருளைப் பார்க்க வருபவருக்கு நாம் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

தொகுப்பு வந்தபோது தகுதி வரிசையில் அடுக்கப்பட்டு, லெனின் விருது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நான் அவற்றை எடுத்து, நிறுவப்பட்ட தேதி வரிசையில் வேறொரு தட்டில் அடுக்கினேன். அப்படி அடுக்கியதும், ஓர் அரசு தன் மக்களிடம் பேசிய விதம் சுமார் கால் நூற்றாண்டில் எப்படி மாறியது என்பது கண்முன்னே விரிந்தது.

போல்ஷெவிக்குகள் 1917 டிசம்பரில் ஜார் காலத்துப் பதவிப் பெயர்களையும் விருதுகளையும் ஒழித்தார்கள். ஓராண்டுகூட நிறைவதற்குள், 1918 செப்டம்பரில், உள்நாட்டுப் போரின் நடுவே செங்கொடி விருது பிறந்துவிட்டது. ஓவியர் வசிலி தெனீசவும் அவர் மகன் விளதீமிரும் சேர்ந்து வரைந்த அந்த வடிவத்தில் மனித முகமே கிடையாது. சுத்தியல், கலப்பை, துப்பாக்கி முனைக் கத்தி, அவற்றின் மேல் விரியும் கொடி, கொடியில் உலகத் தொழிலாளர்களை ஒன்று சேர அழைக்கும் வாசகம் ஆகியவையே அதில் உண்டு. தொழிலாளி, விவசாயி, படைவீரன் என்ற மூவரையும் அவரவர் கருவிகளைக் கொண்டே காட்டிய அந்த வடிவம், எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் விளங்கியிருக்கும்.

1930இல் வந்த செந்நட்சத்திர விருதைத்தான் நான் லென்ஸின் கீழ் அதிக நேரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அடர்சிவப்பு எனாமல் பூசிய ஐந்து கரங்களின் நடுவே, நீண்ட மேலங்கியும் கூர்முனைத் தொப்பியும் அணிந்த செஞ்சேனை வீரன் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். பெயரில்லாத அந்த வீரனைச் சுற்றி அதே அழைப்பு வாசகம் வளையமாக ஓடுகிறது. வெள்ளியில் அச்சிடப்பட்ட அந்த வீரன்தான் இந்த விருதில் மேலெழும்பி நிற்கும் பகுதி என்பதால், பலகாலம் அணியப்பட்ட பிரதிகளில் முதலில் தேய்வது அவன் முகமே. அதே நாளில் நிறுவப்பட்ட லெனின் விருதின் முதல் வடிவத்தில், லெனினின் பக்கத்தோற்றத்துக்குப் பின்னே ஆலைக் கட்டடங்களும் டிராக்டரும் இருந்தன. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் கனவு அப்படியே உலோகத்தில் ஏறியிருந்தது. 1934இல் வடிவம் மாறியபோது டிராக்டர் மறைந்துவிட்டது, கோதுமைக் கதிர்கள் மட்டும் தங்கின.

தட்டில் 1942ஆம் ஆண்டை எட்டும்போது பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. மே மாதம் வந்த தேசபக்தப் போர் விருதில் உலகத் தொழிலாளர்களுக்கான அழைப்பு இல்லை. அதன் இடத்தில் தேசபக்தப் போர் என்ற சொற்களும், குறுக்காக வைத்த துப்பாக்கியும் வாளும் வந்துவிட்டன. ஒரு அடிகூடப் பின்வாங்கக் கூடாது என்ற 227ஆம் எண் ஆணை ஜூலை 28 அன்று பிறப்பிக்கப்பட்டது. அதற்கு மறுநாளே சுவோரவ், குத்தூசவ், அலெக்சாந்தர் நெவ்ஸ்கி ஆகிய மூவரின் பெயர்களில் விருதுகள் அறிவிக்கப்பட்டன. முதல் இருவரும் பேரரசின் தளபதிகள், மூன்றாமவர் இளவரசரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனிதரும் ஆவார். அவர் பெயரில் ஜார் ஆட்சி 1725இலேயே ஒரு விருதை நிறுவியிருந்தது, அதைத்தான் 1917இல் புரட்சி ஒழித்திருந்தது.

நெவ்ஸ்கி விருதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த இளவரசரை நேரில் கண்டு வரைந்த உருவப்படம் எதுவும் இல்லை. எனவே வடிவமைப்பாளர் இகர் தெல்யாத்னிகவ், இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் எடுத்த திரைப்படத்தில் நெவ்ஸ்கியாக நடித்த நிகலாய் செர்காசவின் முகத்தையே பக்கத்தோற்றத்தில் செதுக்கினார். ஜெர்மானிய வீரர்களை 1242இல் பெய்ப்பஸ் ஏரிப் பனியின் மேல் முறியடித்த கதை அது. 1939இல் ஹிட்லரோடு உடன்பாடு ஏற்பட்டதும் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்ட அந்தப் படம், 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டும் திரைக்கு வந்தது. ஆக, புனிதரின் ஒளிவட்டத்தை நீக்கி, தலைக்கவசம் அணிவித்து, கோடிக்கணக்கானோர் திரையில் கண்டு பழகிய முகத்தைக் கொடுத்து, கீழே சிறியதாக அரிவாள் சுத்தியலையும் பொருத்திய இந்த விருதில், பிரசாரத்தின் கைத்திறன் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். என் விவரிப்பில் நெவ்ஸ்கியின் உருவம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. நடிகரின் பெயரையும் படத்தின் கதியையும் சேர்த்தே எழுதினேன்.

பல நாடுகளின் கம்யூனிஸ்ட் கட்சிகளை இணைத்த கம்யூனிஸ்ட் அகிலம் 1943இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த புகழ் விருதின் நாடா, ஜார் காலத்துப் புனித ஜார்ஜ் சிலுவையின் ஆரஞ்சும் கறுப்புமான நாடாவேதான். அந்தச் சிலுவையைப் போலவே இதுவும் சாதாரணச் சிப்பாய்களுக்கும் சார்ஜென்டுகளுக்கும் உரியது. அதே நாளில் நிறுவப்பட்ட வெற்றி விருதுக்கு அலெக்சாந்தர் குஸ்னெத்சவ் முதலில் வரைந்த வடிவத்தில் லெனின், ஸ்டாலின் இருவரின் முகங்கள் இருந்தன. ஸ்டாலின் அவற்றை விலக்கி, கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரத்தை நடுவில் வைக்கச் சொன்னார். இதைத் தன்னடக்கம் என்று எழுதுவோர் உண்டு, நான் அப்படிக் கருதவில்லை. ஜார்களின் கோட்டையே அரசின் முகமாகிவிட்ட பிறகு, அதனுள் அமர்ந்திருப்பவருக்குத் தனி முகம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது, 1945 மே 9 அன்று அறிவிக்கப்பட்ட ஜெர்மனி வெற்றிப் பதக்கத்தில், மார்ஷல் சீருடையோடு அவரே வந்துவிட்டார். அதில் ஸ்டாலின் இடப்பக்கம், அதாவது வரைபடத்தில் மேற்கு இருக்கும் திசையை நோக்குகிறார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஜப்பான் வெற்றிப் பதக்கத்தில் வலப்பக்கம் திரும்பிக் கிழக்கை நோக்குகிறார். இரண்டையும் அருகருகே வைத்த பிறகே அதைக் கவனிக்க முடிந்தது. அதனால், காட்சிப் பேழையிலும் அவை அருகருகேதான் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

சின்னங்களை உருவாக்கியவர்களையும் அந்தச் சின்னங்கள் காக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தின் வீரநாயகர் என்ற பட்டத்துக்குரிய தங்க நட்சத்திரத்தை 1939இல் வடிவமைத்தவர் மிரோன் மெர்ஷானவ் என்ற கட்டடக் கலைஞர். ஸ்டாலினின் ஓய்வில்லங்களைக் கட்டிய அவரே 1943இல் கைது செய்யப்பட்டுப் பத்தாண்டுக் கட்டாய உழைப்பு முகாம் தண்டனை பெற்றார். அவர் வரைந்த நட்சத்திரம் சோவியத் ஒன்றியம் கலையும் வரை வீரர்களின் மார்பில் ஏறிக்கொண்டே இருந்தது.

விவரப்பட்டியலில் பிரசாரம் பற்றி எழுதலாமா என்று எங்கள் பிரிவில் பலமுறை விவாதம் நடந்தது. ஜெர்மனி வெற்றிப் பதக்கத்தைச் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பெற்றார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேழைக்கு முன் வந்து நிற்கிறார்கள், தாத்தாவின் ரத்தத்தை நீங்கள் பிரசாரம் என்கிறீர்களா என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று என் மூத்த சகா கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால் ஒவ்வொரு விருதுக்கும் இப்போது இரண்டு தனிப் பத்திகள் எழுதுகிறோம். முதல் பத்தி அரசின் கூற்று: வடிவத்தை யார் வரைந்தார், எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, அந்த மாதத்தில் போர்முனை எப்படி இருந்தது. இரண்டாவது பத்தி அணிந்தவருக்கு உரியது. விருதோடு வழங்கப்பட்ட விருதுப் புத்தகம் உடனிருந்தால், அதிலுள்ள பெயரையும் எண்ணையும் கொண்டு பரிந்துரைத் தாளைத் தேடுகிறோம். இத்தகைய தாள்கள் பதோல்ஸ்கில் உள்ள பாதுகாப்பு அமைச்சக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றில் ஏராளமானவை இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்ததற்காக அந்த விருது பரிந்துரைக்கப்பட்டது என்று தளபதி எழுதிய வரிகளை அப்படியே மொழிபெயர்த்துச் சேர்க்கிறோம். புத்தகம் இல்லாத விருதுகளுக்கு, எனாமலின் சேதத்தையும் திருகின் தேய்மானத்தையும் மட்டும் குறித்து, அந்தப் பத்தியின் மீதி இடத்தை நிரப்பாமல் விடுகிறோம்.