இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வழுக்கல்: மஸ்டாங்கின் சி4 ஆட்டோமேட்டிக்கைப் பிரித்துக் கட்டிய அனுபவம்

வண்டி 1967 ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கதவில் இருக்கும் தகட்டில் டிரான்ஸ்மிஷன் குறியீடு ‘டபிள்யூ’ என்று இருந்தால் சி4, ‘யூ’ என்று இருந்தால் பெரிய எஞ்சினுக்குப் போட்ட சி6. என்னுடையது சி4. 1964 மாடல் ஆண்டில் வந்து 1981 வரை ஃபோர்டு பல வண்டிகளில் போட்ட மூன்று கியர் பெட்டி இது. நான் இருப்பது மிச்சிகனில். இங்கே இதற்குப் பாகம் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. தைரியமாகக் கை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொந்தரவு என்னவென்றால், காலையில் குளிர்ந்த வண்டியை ரிவர்ஸில் போட்டால் உடனே பிடிக்காது. சில நொடி கழித்து மெல்ல நகரும். ரோட்டில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு நன்றாகவே மாறும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதுதான் எஞ்சின் சத்தம் எகிறும், வண்டி வேகம் கூடாது, அப்புறம் மெதுவாகப் பிடிக்கும். இதோடு புகைக்குழாயில் அவ்வப்போது வெள்ளைப் புகை, கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறுவது வேறு. விசாரித்த ஒரு பட்டறையில் வண்டியைப் பார்க்காமலே, “பெட்டியையே மாற்றிவிடலாம்” என்றார்கள்.

முதலில் வெள்ளைப் புகையைப் பிடித்துக்கொண்டேன். சி4-இன் பின்பக்கம் வேக்யூம் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. எஞ்சின் இன்டேக்கிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை அந்த உறிஞ்சலை வைத்துத்தான் கியர்பாக்ஸ் தெரிந்துகொள்கிறது. உறிஞ்சல் குறைந்தால் பாரம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு ஆயில் அழுத்தத்தை ஏற்றும், கியர் மாற்றத்தைத் தள்ளிப்போடும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டால் அந்தக் கணக்கும் கெடும், எஞ்சின் அதே குழாய் வழியாகக் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கவும் செய்யும். குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக ஆயில். புது மாடுலேட்டர் போட்டதும் புகை நின்றது, முரட்டு மாற்றமும் போனது. இரண்டு-மூன்று வழுக்கலும் ரிவர்ஸ் தாமதமும் அப்படியே இருந்தன. ஆக, இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்து ஆடியிருக்கின்றன.

இந்த இடத்தில் ஸ்பேனரை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்வது நல்லது. சி4-க்குள் எந்தக் கியரில் எது பிடிக்கும் என்பது சின்னக் கணக்குதான். கிளட்ச் என்பது ஆயில் அழுத்தத்தில் ஒன்றோடொன்று இறுகும் பிளேட்டுகளின் அடுக்கு, பேண்ட் என்பது சுழலும் டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை. முன்னோக்கிப் போகும் மூன்று கியரிலும் ஃபார்வர்ட் கிளட்ச் பிடித்திருக்கும். டிரைவில் முதல் கியருக்கு அதோடு ஒருவழிக் கிளட்ச். இரண்டாவதற்கு இன்டர்மீடியட் பேண்ட். மூன்றாவதற்குப் பேண்ட் விடுபட்டு ரிவர்ஸ்-ஹை கிளட்ச் பிடிக்கும். ரிவர்ஸுக்கு அதே ரிவர்ஸ்-ஹை கிளட்ச்சும் பின்னால் இருக்கும் லோ-ரிவர்ஸ் பேண்டும். பழுதான இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: ரிவர்ஸ்-ஹை கிளட்ச். முதல் இரண்டு கியரும் ஒழுங்காக இழுப்பதால் ஃபார்வர்ட் கிளட்ச் தப்பித்தது, இன்டர்மீடியட் பேண்டும் தப்பித்தது.

ரிவர்ஸுக்கு லோ-ரிவர்ஸ் பேண்டும் வேண்டும் என்பதால் அதன் மேலும் சந்தேகம் வரும். அதைக் கழிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. லீவரை 1-இல் வைத்து ஓட்டி ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும். 1-இல் அந்தப் பேண்ட் பிடித்திருப்பதால் வண்டியை எஞ்சின் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். என் வண்டியில் நன்றாகவே பிடித்தது. பெட்டியின் இடப்பக்கத் துளையில் கேஜ் மாட்டி மெயின் லைன் (பம்பிலிருந்து வரும் முதன்மை ஆயில் வழி) அழுத்தத்தையும் பார்த்தேன். டிரைவிலும் ரிவர்ஸிலும் மேனுவல் சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. பம்ப் நல்லது. ஆனால் கேஜ் காட்டுவது மெயின் லைனை மட்டும்தான். தூரத்தில் ஒரு பிஸ்டன் சீல் கசிந்தால் அது இங்கே பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

அடுத்தது காற்றுச் சோதனை. பெட்டியைக் கழற்றாமலே செய்யக்கூடியது, பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். இந்த மாடலில் டிப்ஸ்டிக் குழாய், பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பேனிலேயே வந்து சேர்வதால் அதன் நட்டைக் கழற்றினாலே ஆயில் இறங்கிவிடும். வந்த ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. பேனின் அடியில் கறுப்புச் சேறு இருந்தது. இரும்புத் துணுக்கு இல்லை. பேனையும், ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வ் பாடியையும் இறக்கியதும் மேலே ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் போகும் துளைகள் தெரியும். அவற்றில் கம்ப்ரஸர் காற்றை அளவாக விட வேண்டும். ஃபார்வர்ட் கிளட்ச்சில் ‘டக்’ என்று பிஸ்டன் அடித்தது. பேண்டுகளை இறுக்கும் சர்வோக்களும் அசைந்தன. ரிவர்ஸ்-ஹை துளையில் வெறும் ‘உஸ்ஸ்’. இன்டர்மீடியட் சர்வோவை விடுவிக்கும் ஆயிலும் ரிவர்ஸ்-ஹை ஆயிலும் ஒரே வழியில் வருவதால் சர்வோ சீல் கசிந்தாலும் இதே வழுக்கல் வரும். அதனால் அந்தத் துளையையும் தனியாக ஊதிப் பார்த்தேன். அங்கே கசிவு இல்லை. இனிப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கும் வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. டிரைவ் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் குழாய், கூலர் லைன்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர், கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) நட்டுகள், கிராஸ்மெம்பர், அப்புறம் பெல்ஹவுசிங் போல்ட்டுகள். அலுமினிய உடல் என்பதால் சி4 லேசானது, ஏறத்தாழ 50 கிலோ. பக்கத்துத் தெரு மதுரைக்கார நண்பர் ஜாக்கைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, இதுல திரும்ப மாட்டும்போது ஏதாவது மிஞ்சுனா எனக்கு போன் பண்ணாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரிப்பதற்கு முன் டயல் கேஜ் வைத்து உள்வரும் ஷாஃப்ட்டின் முன்-பின் ஆட்டத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். மேனுவல் தரும் எல்லை 0.008 முதல் 0.042 அங்குலம். பம்பைக் கழற்றியபின் இந்த அளவு எங்கிருந்தும் கிடைக்காது. பிறகு பம்ப், முன் பேண்ட் (இன்டர்மீடியட்), அதற்குள் இருக்கும் ரிவர்ஸ்-ஹை டிரம் என்று வரிசையாக வெளியே வரும். வருகிற வரிசையிலேயே மேஜையில் பரப்பி, பாகங்களுக்கு நடுவே வரும் ஒவ்வொரு த்ரஸ்ட் வாஷரும் எந்த முகத்தில் ஒட்டியிருந்தது என்று படம் எடுத்தேன். என் நினைவாற்றல் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

டிரம்மைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. உராய்வு பிளேட்டுகள் கருகி, மேலிருக்கும் பூச்சு விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. இடையில் இருக்கும் எஃகுத் தட்டுகளில் வெப்பம் பட்ட நீலத் திட்டுகள். எரிந்த பிளேட்டைப் பார்த்துவிட்டு, “கிளட்ச் போச்சு, புதுசு போடு” என்று நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. பிளேட் ஏன் எரிந்தது என்று கேட்காமல் புதுசு போட்டால் அதுவும் எரியும். ஸ்பிரிங்கை அமுக்கி ஸ்னாப் ரிங்கைக் கழற்றி, அடியில் இருந்த பிஸ்டனை எடுத்தேன். அதன் ரப்பர் உதட்டு சீலை வளைத்ததும் அப்பளம் மாதிரி ஒடிந்தது. பல வருட வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர். குளிர்ந்திருக்கும்போது சுவரோடு ஒட்டாது, ஆயில் கசியும். சூடேறி கொஞ்சம் இளகினால்தான் பிடிக்கும். காலையில் ரிவர்ஸ் தாமதமானதற்கு அதுதான் விளக்கம். கசிந்த அழுத்தத்தில் அரைகுறையாகப் பிடித்த பிளேட்டுகள் தேய்ந்து சூடாகி எரிந்திருக்கின்றன.

டிரம்மின் வெளிப்பரப்பில்தான் இன்டர்மீடியட் பேண்ட் பிடிக்கும் என்பதால் அங்கே கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. டிரம்மைத் தாங்கும் உள் வளையமான புஷ் தேய்ந்திருந்தது. புஷ் தேய்ந்தால் டிரம் ஆடும், சீல் ரிங்குகள் வழியாக அழுத்தம் ஓடும். அதையும் மாற்றினேன்.

பாகம் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சர்வோ மூடி போல்ட்டில் தொங்கும் தகட்டில் பெட்டியின் மாடல் எண் இருக்கும். அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். 1969 வரை வந்த சி4-இல் உள்வரும் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் 24 பல். 1970-இல் ஒரு முனை 26 ஆனது, 1971 முதல் இரண்டுமே 26. கன்வர்ட்டரை இதைப் பார்க்காமல் வாங்கினால் ஷாஃப்ட்டில் ஏறவே ஏறாது. பழைய கன்வர்ட்டர் வெல்டிங் செய்து மூடியது, வீட்டில் திறந்து கழுவ முடியாது. உள்ளே தங்கிய கரி புதுப் பெட்டிக்குள் வந்து சேரும் என்பதால் அதைக் கொடுத்துவிட்டு, புதுப்பித்த ஒன்றை வாங்கினேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் இரண்டு திசையிலும் கழுவினேன்.

திரும்பக் கட்டும்போது நிதானம்தான் முக்கியம். புது உராய்வு பிளேட்டுகளையும் பேண்டுகளையும் ஆயிலில் ஊறவைத்தேன். இந்தப் பெட்டிக்கு டைப் எஃப் ஆயில். ரிவர்ஸ்-ஹை பேக்கின் இடைவெளி 0.050 முதல் 0.071 அங்குலத்துக்குள் வர வேண்டும். தடிமன் மாறுபடும் ஸ்னாப் ரிங்குகளில் பொருத்தமானதைப் போட்டு அதைச் சரிசெய்வார்கள். த்ரஸ்ட் வாஷர்கள் நழுவாமல் ஒட்டிக்கொள்ள வாசலின் தடவலாம், ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் கூடாது, கரையாமல் போய் எங்காவது துளையை அடைக்கும். வீட்டில், “குளியலறை வாசலின் டப்பாவ நீங்கதானே எடுத்தீங்க?” என்று கேள்வி வந்தது. புது டப்பா வாங்கிக் கொடுத்தாகிவிட்டது.

வால்வ் பாடியைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு வால்வும் தன் எடையிலேயே சறுக்கி இறங்குகிறதா என்று பார்த்துப் பூட்டினேன். மாட்டும் முன் மறுபடி காற்றுச் சோதனை: ரிவர்ஸ்-ஹை துளையில் இந்த முறை ‘டக்’. பேண்ட் சரிசெய்வது வெளியிலிருந்தே நடக்கும். திருகை 10 அடி-பவுண்டு இறுக்கி, முன் பேண்டை ஒன்றேமுக்கால் சுற்றும் பின் பேண்டை மூன்று சுற்றும் தளர்த்தி, புது லாக் நட் போட வேண்டும். திருகை ரொம்பத் தளர்த்தினால் உள்ளே பேண்டைத் தாங்கும் முட்டுத் துண்டு விழுந்துவிடும், எச்சரிக்கை.

கன்வர்ட்டரை ஏற்றும்போது சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என ஒவ்வொன்றிலும் சிக்கி அது படிப்படியாக உள்ளே போவது கைக்குத் தெரியும். முழுதாகப் போகாமல் பெல்ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். பெட்டி எஞ்சினோடு முட்டிய பிறகும் கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும், எஞ்சின் பக்கத்துப் பிளேட்டிலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்க வேண்டும்.

ஆயிலைப் பாதி ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, பார்க்கில் வைத்து, சூடேறியதும் டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றினேன். ரிவர்ஸில் போட்டதும் பிடித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியது காதுக்குத்தான் தெரிந்தது.

பாக்கி வேலை இரண்டு. ஷிஃப்ட் லீவர் ஷாஃப்ட் சீலில் லேசாக ஈரம் கசிகிறது. பேனை இறக்கும்போது மாற்றுவேன். இன்னொன்று, மிதமாக ஓட்டும்போது கியர் கொஞ்சம் சீக்கிரமாகவே மாறுகிறது. நான் போட்டது திருகு வைத்த மாடுலேட்டர். வலஞ்சுழியாகத் திருப்பினால் அழுத்தம் ஏறி மாற்றம் தள்ளிப்போகும். கேஜை மறுபடி மாட்டி, ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.