பந்தை மொய்க்கும் வயசு

ஆறு வயசுப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் வெல்லக்கட்டியை ஈ மொய்ப்பது மாதிரி எல்லோரும் பந்தைச் சுற்றியே நிற்பார்கள். 'பரவி நில்லுங்கடா' என்று கோட்டுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்துவது வீண். அந்த வயசில் பந்து ஒரு பொம்மை, பொம்மையை யார் விட்டுக்கொடுப்பார்கள்? அமெரிக்காவில் 8 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு 4 பேர், 10 வரை 7 பேர், 12 வரை 9 பேர். ஆள் குறைந்தால் பந்து அடிக்கடி காலுக்கு வரும்.

பாஸ் ஒழுங்காகப் பிடிபட 9, 10 வயசாகும். 8 மீட்டர் சதுரம் போட்டு, ஓரத்துக்கு ஒருவர், நடுவில் பறிக்க ஒருவர் என்று ஆடவிடுங்கள். வழக்கமான தப்பு, பாஸ் கொடுத்தவன் சிலையாக நின்றுவிடுவது. நடுவில் இருப்பவன் வழியை மறைத்தால் ஓரத்திலேயே இரண்டடி நகர வேண்டும். அந்த இரண்டடிதான் பாதி ஆட்டம்.

மூன்று வருஷம் ஆடியவனையும் மூன்று வாரம் ஆடியவனையும் கலந்தால் வேறு சிக்கல். பழையவர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைச் சுற்றுவார்கள். புதியவன் பதற்றத்தில் கண்டபடி உதைப்பான். அப்புறம் அவனுக்குப் பந்தே வராது. அவனை விங்கில், அதாவது மைதானத்தின் பக்கவாட்டு ஓரத்தில் நிறுத்துங்கள்: ஒரு பக்கம் கோடு இருப்பதால் கவனிக்க வேண்டிய திசை குறையும். பயிற்சியில் பழையவர்களுக்கு மட்டும் 'இரண்டே தொடுதல்' விதி போடுங்கள்: இரண்டாவது தொடுதலுக்குள் பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வரலாம். 12 வயசில் அந்தப் பதினோரு மாதம் தோளில் தெரியும். உயரமானவனைக் கேப்டனாக்கத் தோன்றும். எதிரணி கோல் போட்டதும் மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறவன் யார் என்று முதலில் பாருங்கள்.