முழுத்தேக்கு இல்லாத மேசை

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரில் நெடுங்காலம் வேலை பார்த்த எங்கள் அத்தான் ஊரோடு திரும்பியபோது, தட்டுமுட்டுச் சாமான்களுடன் ஒரு சாப்பாட்டு மேசையையும் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய ஃப்ளாட்டில் அதற்கு இடமில்லை. மதுரை பொன்மேனியில் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 1960-களின் சரக்கு; அங்கே பழைய சாமான் கடையில் வாங்கியது; செய்தவர் பெயர் அடியில் எங்கும் இல்லை. கால்களில் போல்ட்டைக் கழற்றித் தனியே கட்டிவிடலாம் என்பதால் பயணத்தில் சேதாரம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்ப்பார்கள். "முழுத்தேக்கா?" இல்லை, மேலே மட்டும்தான் தேக்கு என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்து வளர்ந்த நமக்கு, மரம் என்றால் கனம். கனம் இல்லையென்றால் ஏமாற்று. இந்த மேசைக்கு நான் வக்காலத்து வாங்குவது அந்த இடத்தில்தான்.

மூடியிருக்கும்போது நாலரை அடி நீளம். மேல்பலகைக்கு அடியில் இரண்டு பலகைகள் ஒளிந்திருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இழுத்தால் ஏழே முக்கால் அடி ஆகிவிடும். மழைக்காலத்தில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. தெப்பக்குளம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். டார்ச்சோடு மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. "டீச்சர், இங்க வந்து பாருங்க. கீல் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, ஒண்ணுமே கிடையாது!"

ஒவ்வொரு நீட்டுப்பலகைக்கும் அடியில் இரண்டு நீளச் சட்டங்கள். அந்தச் சட்டங்களின் மேல்விளிம்பைச் சரிவாக இழைத்திருக்கிறார்கள். மேசையின் சட்டகத்தில் வெட்டிய காடிக்குள் அவை ஓடுகின்றன. இழுக்க இழுக்க, சரிவின் கணக்குப்படி பலகை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. மேல்பலகையை எதிலும் திருகி வைக்கவில்லை. அதன் அடியிலிருக்கும் இரண்டு முளைகள் நடுக்கட்டையின் துளைகளில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. நீட்டுப்பலகை ஏறும்போது மேல்பலகையும் சற்றுத் தூக்கிக்கொடுக்கும். நீட்டுப்பலகை முழுக்க வெளியே வந்ததும் மேல்பலகை 'டொப்'பென்று இறங்கும். இரண்டும் ஒரே மட்டம். உள்ளே தள்ள வேண்டுமானால் மேல்பலகையை ஒரு கையால் லேசாகத் தூக்கினால் போதும். இந்த ஏற்பாட்டை டேனிஷ்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழசு. ஆனால் இவ்வளவு மெல்லிசாக, அலட்டாமல் செய்ததில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இப்போது இதையே முழுத்தேக்கில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்குவாக்கில்தான் ஐப்பசியில் பூரிக்கும், சித்திரையில் சுருங்கும். மூன்றடி அகலப் பலகையில் அது சில மில்லிமீட்டர் வரும். கூடவே லேசாக வளைந்தாலும் போச்சு, நீட்டுப்பலகை உள்ளே நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. அதற்காகத்தான் உள்ளே துண்டுக் கட்டைகளை ஒட்டிச் செய்த பலகையும், அதன் இரு முகத்திலும் மில்லிமீட்டர்கூட வராத தேக்கு வெனீரும் (மரத்தைத் தாள் மாதிரி சீவியது), விளிம்பில் மட்டும் கெட்டித் தேக்கும். வேற்று நாட்டுத் தேக்கை வீணாக்காமல் நிறைய மேசைக்குப் பரப்பியதும் நடந்தது. சிக்கனம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் புத்தி சும்மா வரவில்லை. 1924-இல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் அறைகலன் வடிவமைப்புப் பாடத்தைத் தொடங்கிய கோரே கிளின்ட், மனிதர்களையும் அவர்கள் வைத்துப் புழங்கும் பொருட்களையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் படம் வரையச் சொன்னார். 1927 முதல் 1966 வரை தச்சர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. அங்கே கட்டடக் கலைஞரும் தச்சரும் ஜோடி சேர்ந்து வேலை செய்தார்கள். நாற்காலிகளால் உலகப் பேர் வாங்கிய டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரும் அதற்கெல்லாம் முன், சிறுவனாகவே பட்டறையில் தொழில் பழகியவர்.

என் மாமியாருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஒரு அன்னம் உண்டா, ஒரு கொடி உண்டா? வேலைப்பாடே இல்லையே." மூலையைக் காட்டினேன். விளிம்புச் சட்டங்கள் இரண்டும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. பிளேடு நுழைய இடமில்லை. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து சீவிய வெனீரை விரித்து ஒட்டியதால் ரேகை இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக நிற்கிறது. "அது மரத்தோட வேலை, ஆசாரி வேலையா?" என்றார். நல்ல கேள்விதான்.

ஆசாரி அண்ணன் சட்டங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார், சிக்கல் தீர்ந்தது. கையோடு மெஷின் போட்டு இழைத்து பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றபோதுதான் குறுக்கே நின்றேன். அந்தத் தோலில் மெஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளிருக்கும் வெள்ளைக் கட்டை பல்லைக் காட்டும். எண்ணெய் மட்டும் துணியில் தொட்டுத் துடைக்கச் சொன்னேன். நீட்டுப்பலகைகள் வெளிச்சம் படாமலே கிடந்ததால் நிறம் வேறாக இருக்கிறது. விருந்தாளி வந்தால் விரிப்புப் போடு என்கிறாள் தங்கை. நான் போடுவதில்லை. வெயில் படட்டும் என்று விடுமுறையில் இழுத்தே வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பெரியவர்கள் எப்போதும்போலத் தரையில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேசை முழுக்கப் பிள்ளைகள்.

போகும்போது அண்ணன் சட்டத்தின் சரிவை டேப் வைத்து அளந்து, ஒரு அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டார். அண்ணா நகரில் யாரோ இதே மாதிரி கேட்கிறார்களாம். பிளைவுட்டில் வெனீர் ஒட்டிச் செய்யலாம் என்று இவர் சொல்ல, அவர்களோ முழுத்தேக்குதான் வேண்டும் என்று நிற்கிறார்களாம். "நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்களேன், டீச்சர்" என்று அவர்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.