சுவரில் ஒரு சிலுவைப்பாதை

செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அப்படியே கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தவக்காலத்தில் அந்த வீட்டு ஹோலுக்கும் போனால்தான் எனக்கு யாத்திரை முடிந்த மாதிரி. சென்னைப் பறங்கிமலை மாதா கோயிலின் எண்ணெய் வர்ண ஓவியம் ஒன்று அங்கே தொங்குகிறது. பெரியப்பா வாங்கி வந்தது. வரைந்தவரின் கையெழுத்து இல்லை.

பெரியம்மா கதிரையில் இருந்தபடி ஓவியத்தில் விரல் வைத்திருந்தார். "பொறு பிள்ளை, ஆண்டவர் மூன்றாம் தரம் விழுந்திருக்கிறார். எழும்பட்டும்."

இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையில் அது ஒன்பதாம் நிலை. மலையில் படிகளை ஒட்டி 14 நிலைகளும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே வெறுங்காலோடு ஏறிய பெரியம்மா, முழங்கால் நோ வந்தபிறகு விரலால்தான் ஏறுகிறார். நானும் பக்கத்தில் முழந்தாளிட்டு மீதி நிலைகளைச் சொன்னேன்.

மலை 300 அடிதான் இருக்கும். கோயிலும் சின்னது. ஓவியர் அதை அறிந்தவர் போலும், கோயிலை உச்சியில் வெள்ளையாக ஒரு கீற்றில் முடித்துவிட்டு, வர்ணத்தையெல்லாம் படிகளில் கொட்டியிருக்கிறார். ஆர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகள் அவை. கீழ்ப்படிகளில் கல்லின் சொரசொரப்புக்கூடத் தெரிகிறது.

இயேசுவின் சீடர் தோமையார் வேதசாட்சியாக மரித்த இடம் என்று நம்பப்படும் அந்த உச்சியில் 1523இல் போர்த்துக்கேயர் கோயில் கட்டினார்கள். 1547இல் அங்கே தோண்டும்போது பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. 1558 டிசம்பர் 18இல் பூசை நடக்கையில் அந்தச் சிலுவை இரத்தம் வியர்த்தது என்பது மலையின் விசுவாசம். அது பீடத்தில் இருப்பதால் ஓவியத்தில் இல்லை. விரல் உச்சிக்குப் போனதும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிலுவையை அவர் பார்ப்பது அப்படித்தான்.

அப்புறம் பிளேன்டீ வந்தது, கூடவே வீட்டு வழக்கும். மெழுகுதிரிப் புகையில் வானம் பழுப்பாகிவிட்டது, கொடுத்துத் துடைப்பிக்கலாம் என்கிறான் தம்பி. பெரியம்மா ஒரேயடியாக மாட்டேன் என்கிறார். விரல் பட்டுப் பட்டுப் படிகளின் ஓரம் எண்ணெய்ப் பளபளப்பாகக் கிடக்கிறது, அது போய்விடுமாம். என்னைக் கேட்டார்கள். வானத்தை மட்டும் துடைக்கட்டும், படிகளில் கைவைக்க வேண்டாம் என்றேன். தம்பிக்குத் திருப்தியில்லை.