அயோடின் மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும்?

அணு உலை விபத்து என்றதும் பலர் தேடுவது பொட்டாசியம் அயோடைடு மாத்திரையைத்தான். கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் அது தடுக்கும், அவ்வளவே. சீசியம் போன்ற மற்ற கதிரியக்கப் பொருள்களைத் தடுக்காது.

நேரம்தான் உயிர்நாடி. கதிரியக்கக் காற்று வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த 2 மணி நேரத்துக்குள் விழுங்கினால் பலன் அதிகம். 8 மணி நேரம் வரை ஓரளவு பயனுண்டு. ஒரு நாள் கடந்தபின் எடுத்தால் கெடுதலே: தைராய்டில் ஏற்கெனவே சேர்ந்தது வெளியேறத் தாமதமாகும்.

பெரியவர்களுக்கு 130 மி.கி., 3 முதல் 12 வயதுவரை 65, ஒரு மாதம் முதல் 3 வயதுவரை 32, பச்சிளங்குழந்தைக்கு 16. அரசு அறிவிக்குமுன் நீங்களாக விழுங்காதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி உள்ளறையில் இருங்கள். மாத்திரைக்குப் பதிலாக, புண்ணுக்குப் போடும் அயோடின் டிங்சரை ஒருபோதும் குடிக்காதீர்கள், அது விஷம்.